ஆயாக்கொட்டாயில் கூட்டம்

எங்கள் கல்லூரியில் லைன் அறுந்துபோனால் முதலில் என்னைத் திட்டுவார்கள், பிறகுதான் என்ன ஆயிற்று என்று கேட்பார்கள். லைன் ஒழுங்காக இருக்கும் நாட்களில் நான் வேலைக்கு வந்தேனா, செத்தேனா என்று எட்டிப்பார்க்க ஆள் கிடையாது. கணினிப் பிரிவில் வைஃபை என் பொறுப்பு. கூரைக்குக் கூரை தட்டைக் கவிழ்த்தது போல ஒட்டியிருக்கும் வெள்ளைப் பெட்டிகளுக்கு நான்தான் தாயும் தகப்பனும். பத்திரிகைகளில் இதற்கு அருகலை என்று அழகாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். எங்களுக்கு அதெல்லாம் கிடையாது. லைன் இருக்கு, லைன் இல்ல, அவ்வளவுதான்.

தோட்டத்துத் தொழிலாளர் லைன் வீட்டில் பிறந்தவள் லைன் பார்க்கிற வேலைக்கே வந்து சேர்ந்தாள் என்று என் அண்ணன் இன்றும் கிண்டலடிப்பான். அவன் சொல்வதற்கு ஏற்றாற்போல இந்தக் கல்லூரியும் தோட்டத்தின் மேல்தான் நிற்கிறது. பெடாஸ் சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் ஒரு காலத்தில் கித்தா என்கிற ரப்பர் மரம், அப்புறம் செம்பனை, இப்போது பாதி செம்பனை, பாதி கல்லூரி. துரை பங்களா பதிவாளர் அலுவலகமாகிவிட்டது. கணக்கெழுதும் கிராணியின் வீடு கிளினிக். விடுதிக்குப் பின்னால் இருந்த ஆயாக்கொட்டாயை மட்டும் இடிக்க மறந்துவிட்டார்கள். பால் வெட்டப் போகும் பெண்கள் விடியற்காலையில் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போவார்களே, அந்தக் கட்டடம். நானும் அதில் தொட்டிலில் கிடந்தவள்தான் என்று அம்மா சொல்வார். எனக்கு ஒன்றும் ஞாபகமில்லை, அதனால் உருகிப் பேசவும் வழியில்லை.

அந்த ஆயாக்கொட்டாய் இப்போது சாப்பாட்டுக் கடை. நடத்துபவரை எல்லோரும் அக்கா என்றே கூப்பிடுவோம். கெமாஸ் பக்கத்துக்காரர். சிரம்பானில் யார் யாருடைய கடையிலோ மங்கு, கோப்பை கழுவிப் பாதி வயதைக் கழித்தவர். சொந்தமாக ஓர் அடுப்பு கிடைத்தது இங்கேதான். அந்த அடுப்பைத் துடைக்கிற துடைப்பைப் பார்த்தால் சமைக்கவே மனம் வராது போலிருக்கும், ஆனால் சமைப்பார். நெத்திலி சம்பலுக்கு நான் எழுதிக் கொடுத்த அடிமை. கல்லூரியிலேயே பலமான லைன் எங்கே என்று மேலதிகாரிகள் கேட்டால் நூலகம் என்று சொல்லுவேன். உண்மையில் அது நான் நுரைபொங்க ஆற்றிய தே தாரேக் டீ குடிக்கும் இடத்துக்கு நேர் மேலே இருக்கிறது. அந்த வெள்ளைப் பெட்டியை மாட்டியவள் நான், குடிப்பவளும் நான், இதில் மற்றவர்களுக்கு என்ன நஷ்டம்?

விடுதி பழையது. ஓர் அறைக்கு ஒரே ஒரு சாக்கெட். பகலில் ஒன்றிரண்டு மாணவர்கள் போனைச் சார்ஜ் போட அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போவதைப் பார்த்திருக்கிறேன். அந்தக் காலத்தில் பால் போத்தல்களை அடுக்கி வைத்த மரத்தட்டு ஒன்று சுவரில் இன்னும் இருக்கிறது. அதில் வரிசையாகச் சாத்தி வைப்பார். மாலையானால் ராசாவில் இருக்கும் என் வீட்டுக்கு வண்டியைக் கிளப்பிவிடுவேன். அதற்கப்புறம் கடையில் என்ன நடக்கிறது என்று பார்க்க நான் என்ன காவல்காக்கும் ஜாகா வேலையா செய்கிறேன்?

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் கண்வலி வந்தது.

முதலில் விடுதியில் ஒரு பையன் கண்ணைக் கசக்கிக்கொண்டு திரிந்தான். அடுத்த வாரம் விரிவுரை மண்டபமே கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பெடாஸ் பசார் மாலாம் இரவுச் சந்தையில் கண்ணாடி விற்பவருக்கு அந்த மாதம் யோகம். நோய் வந்தவர்கள் வெளிச்சம் கூசுகிறது என்று போட்டார்கள். வராதவர்கள், நோய்க்காரன் கண்ணைப் பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து போட்டார்கள். யாருக்கு இருக்கிறது, யாருக்கு இல்லை என்று கண்டுபிடிக்க முடியாமல் போனதுதான் மிச்சம். பதிவாளர்கூட ஒரு பெரிய சட்டம் போட்ட கண்ணாடியோடு வந்தார். பேசும்போது யாரைப் பார்த்துக் கோபப்படுகிறார் என்று தெரியாததால் எல்லோரும் சேர்ந்து பயந்தோம்.

அப்போதுதான் பொதுச் சுகாதாரம் சொல்லிக்கொடுக்கும் டாக்டர் என் அறைக்கு வந்தார். கோலாலம்பூர்க்காரர், என்னைவிட வயதில் சிறியவர், நடையில் எப்போதும் ஓர் அவசரம்.

"சிஸ்டர், நம்ம வைஃபை லாக்கெல்லாம் நீங்கதானே வச்சிருக்கீங்க?"

யாராவது என் அறைக்கு வந்து லாக், அதாவது பதிவு, என்ற வார்த்தையைச் சொன்னது அதுவே முதல் தடவை. எனக்கு வெட்கமாகக்கூட இருந்தது.

அவர் சொன்னது எளிமையான யோசனை. ஒவ்வொரு போனும் எந்த வெள்ளைப் பெட்டியோடு எவ்வளவு நேரம் ஒட்டிக்கொண்டிருந்தது என்று கருவி தானாகவே பதிந்து வைக்கிறது. இரண்டு போன் ஒரே பெட்டியில் நெடுநேரம் இருந்தால், அவற்றை வைத்திருக்கும் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்திருக்கிறார்கள். பெயரையெல்லாம் எடுத்துவிட்டு வெறும் எண்ணாக மாற்றிக் கொடுத்தால் போதும். கிளினிக்குக்கு வந்த கண்வலிக்காரர்களில் சம்மதித்தவர்களின் எண்ணை மட்டும் சிவப்பாக்கிப் பார்த்தால், நோய் எங்கே கை மாறியது என்று கல்லூரி வரைபடத்திலேயே தெரிந்துவிடும். ஒவ்வொருவரையும் பிடித்து நேற்று யாரோடு உட்கார்ந்தாய் என்று கேட்டால் பாதிப் பேர் மறந்திருப்பார்கள், மீதிப் பேர் பொய் சொல்வார்கள். போன் பொய் சொல்லாது என்றார் டாக்டர்.

நானும் தலையாட்டினேன். இத்தனை வருடமாக யாரும் திரும்பிப் பார்க்காத என் பதிவுகளுக்கு ஒரு மரியாதை வருகிறதென்றால் தலையாட்ட வலிக்குமா?

இரண்டு பேரும் உட்கார்ந்து வேலை செய்தோம். பெயர்களை அழித்தேன், எண்களாக்கினேன், அவர் கணக்குப் போட்டார். கல்லூரி முழுவதும் புள்ளிகளாக நகர்வதைத் திரையில் பார்க்க வேடிக்கையாக இருந்தது. காலை வகுப்புக்கு ஒரு திரளாகப் போகும், மதியம் கலையும், கழிப்பறைப் பக்கம் போய் நெடுநேரம் நிற்கும் புள்ளிகளைப் பார்த்து நான் சிரித்தால் டாக்டர், "சிஸ்டர், இது சயின்ஸ்" என்பார், பிறகு அவரும் சிரிப்பார்.

சிவப்புப் புள்ளிகளைத் தட்டிவிட்டபோது எங்கள் சிரிப்பு நின்றது. நூலகத்தில் அங்கொன்று இங்கொன்று. வகுப்பறைகளில் கொஞ்சம். ஆனால் மாலையில், நான் வீட்டுக்குப் போன பிறகு, சிவப்பு மொத்தமும் ஒரே இடத்தில் போய் அப்பிக்கொண்டது. இருட்டும் வரை அங்கேயே இருந்தது. ஒரு நாள் அல்ல, வாரம் முழுக்க.

அந்த இடம் அக்கா கடை.

"அங்க அவ்ளோ பேர் உக்கார இடம் இருக்கா?" என்று டாக்டர் கேட்டார்.

இல்லை என்றுதான் எனக்குத் தோன்றியது. இருப்பது ஐந்தாறு மேசை. ஆனால் மாலையில் நான் அங்கே இருந்ததே இல்லையே. வெளியில் பாய் விரித்து உட்காருகிறார்களோ என்னவோ. வரைபடம் இவ்வளவு சிவப்பாகச் சொல்லும்போது என் தோன்றலுக்கு என்ன மதிப்பு? பேசாமல் இருந்துவிட்டேன்.

கூட்டம் போட்டார்கள். பதிவாளர் திரையைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றாமலேயே பார்த்தார். கண்வலி அடங்கும்வரை கடையை மூடுவதென்று முடிவானது. அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. மாதக் கடைசியில் கடை குத்தகையைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. சுத்தம் இல்லாத இடத்துக்கு எதற்காகப் புதுப்பிக்க வேண்டும், சிரம்பானிலிருந்து ஒரு பெரிய கம்பெனிக்காரனைக் கூப்பிடலாமே என்று மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒருவர் ஆரம்பித்தார். வெறும் வாயை மென்றுகொண்டிருந்தவருக்கு அவல் கிடைத்துவிட்டது. சுத்தம் இல்லாத இடமா? அந்த அடுப்பைப் போய்ப் பாருங்கள் என்று நான் குரலை உயர்த்தினேன். பதிவாளர் மலாயில் அமைதியாக, "நீங்கள் கொடுத்த தரவுதானே" என்றார். 

அக்காவிடம் நான்தான் போய்ச் சொன்னேன். வேறு யாராவது போய்க் கரடுமுரடாகச் சொல்வதற்கு முன்னால் நான் சொல்வது மேல் என்று நினைத்தேன். கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"அந்திக்கு இங்க கூட்டம் கூடுதாம்கா. நெறைய பேரு, ரொம்ப நேரம். யாருக்கா அவங்கள்லாம்?"

வெங்காயம் உரிக்கும் கை ஒரு கணம் நின்றது.

"வருவாங்க, போவாங்க."

"வராங்க, ஆனா போகல லா. அதான் பிரச்சனையே. அப்படிக் கூட்டம் இல்லன்னா இல்லன்னு சொல்லுங்க, நான் போய்ச் சண்ட போடுறேன்."

"மூடச் சொன்னா மூடிட்டுப் போறேன், விடும்மா."

"குத்தகையும் போயிரும்கா."

அக்கா உரித்த வெங்காயத்தைத் திரும்ப எடுத்து இன்னும் ஒரு தோலை உரித்தார். எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. தன் கடையைத் தானே காப்பாற்றிக்கொள்ளாத ஆளுக்கு நான் யாரிடம் போய் வாதாடுவது? தே தாரேக்கைப் பாதியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். வண்டி ஓட்டிக்கொண்டு போகும்போது ராசா வரைக்கும் தனியாக அவரைத் திட்டிக்கொண்டே போனேன்.

கடையை மூடினார்கள். வேடிக்கை அதற்குப் பிறகுதான் ஆரம்பமானது. மூடிய மறுநாளும் மாலையானதும் புள்ளிகள் வந்து அதே இடத்தில் அப்பிக்கொண்டன. அதற்கு மறுநாளும். ஒன்று குறையவில்லை. வரைபடத்தைத் தினமும் தனக்கு அனுப்பச் சொல்லியிருந்த பதிவாளர் என்னைக் கூப்பிட்டார். கதவைச் சாத்திக்கொண்டு கள்ளத்தனமாகக் கடை நடத்துகிறாரா அந்த அம்மாள் என்று கேட்டார். அப்படியானால் குத்தகையைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், இன்றே ரத்து என்றார்.

"துவான், ஒருநாள் பொறுங்கள். நானும் டாக்டரும் போய்ப் பார்த்துவிட்டு வருகிறோம்," என்றேன். அவர் கண்ணாடிக்குப் பின்னால் என்ன நினைத்தார் என்று தெரியாது, சரி என்றார்.

அன்று வேலை முடிந்தும் நான் வீட்டுக்குப் போகவில்லை. டாக்டர் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். வெயில் தணிந்து செம்பனை நிழல் விடுதிச் சுவரில் ஏறும் நேரத்தில் புள்ளிகள் ஒவ்வொன்றாக நகர்ந்து கடைக்குள் போயின. எல்லாம் சேர்ந்ததும் புறப்பட்டோம். டாக்டர் முகமூடி போட்டுக்கொண்டார். எனக்கும் ஒன்று கொடுத்தார். நான் அக்காவிடம் என்னென்ன கேட்கவேண்டும் என்று வழியெல்லாம் மனதில் அடுக்கிக்கொண்டு நடந்தேன். மூடச் சொல்லியும் மூடாமல், அதையும் என்னிடம் மறைத்து... கோபத்தில் செருப்பு இரண்டு தடவை கழன்றது.

கடையின் இரும்புக் கதவு பாதி இறங்கியிருந்தது. வெளியில் ஒரு செருப்பு இல்லை, ஒரு மோட்டர் சைக்கிள் இல்லை. பேச்சுச் சத்தம் இல்லை. குனிந்து உள்ளே நுழைந்தோம்.

அக்கா மட்டும் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். அடுப்பு அணைந்து, துடைத்து, காய்ந்து கிடந்தது. பக்கத்துச் சுவரில், அந்தப் பழைய பால் போத்தல் தட்டு முழுக்க, போன்கள். இடம் போதாமல் மேசை மேலும் போன்கள். நாற்பது இருக்கும், கூடவும் இருக்கலாம். ஒவ்வொன்றிலும் கலர் கலராக ரப்பர் பேண்டு. சார்ஜர் வயர்கள் கொடிபோலத் தொங்கின. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு போன் நடுங்கி முனகியது. அக்கா திரும்பிப் பார்க்காமலேயே கையை நீட்டி அதைத் தட்டிக் கொடுத்து அணைத்தார்.

"கூட்டம் எங்கக்கா?" என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்கு விடை தெரிந்துவிட்டது.

"இதான் கூட்டம். பேசாது, திங்காது, கடன் கேக்காது. நல்ல கூட்டம் லா."

டாக்டர் ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது, கடைசியில் சிரிப்புதான் ஜெயித்தது. போன் பொய் சொல்லாது என்றார்களே, சொல்லவில்லை. போன் இங்கேதான் இருந்தது. நாங்கள்தான் போனை ஆள் என்று நம்பிவிட்டோம்.

"அப்போ இதுக்கெல்லாம் சொந்தக்காரங்க எங்க?" என்று டாக்டர் கேட்டார்.

அக்கா எழுந்து போய் ரேடியோவைத் திருகிச் சத்தத்தைக் கூட்டினார். ஏதோ மருந்து விளம்பரம் அலறியது. ஏன் இப்போது இதைப் போடுகிறார் என்று நான் யோசித்துக்கொண்டிருக்கையில் காற்று திசை மாறியது. பின்பக்கத்துச் செம்பனைக்குள்ளிருந்து, விளம்பரத்தையும் மீறி, அடிவயிற்றைப் பிசையும் அந்த உறுமல் வந்தது. தோட்டத்தில் பிறந்தவளுக்கு அது என்ன என்று சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. உறுமி.

எல்லாம் புரிந்துவிட்டது. செம்பனைக்குள் முனியாண்டி கோவில் இருக்கிறது. திருவிழாவுக்கு எங்கள் மாணவர்களின் உறுமி மேளக் குழுதான் வருடா வருடம் வாசிக்கும். போன வருடம் பரீட்சை நேரத்தில் விடுதியில் பழகியதை அவர்களில் ஒருவனே போனில் படம்பிடித்துப் போட்டுவிட்டான். அதைப் பார்த்துவிட்டு நிர்வாகம் மேளத்துக்கே தடை போட்டது. மறுபடி மாட்டினால் விடுதியில் இடம் கிடையாது. ஆகவே இந்த வருடம் செம்பனைக்குள் ஒளிந்து பழகுகிறார்கள். மறுபடி எவனும் படம்பிடித்துவிடக் கூடாது என்று, மேளத்தைத் தொடுமுன் போனை அக்காவிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது குழுவின் சட்டமாம், அக்காவே ஒப்புக்கொண்டார்.

"இத மொதல்லயே சொல்லியிருந்தா கடை தப்பிச்சிருக்கும்ல? ஏன்கா சொல்லல?"

"சொன்னா புள்ளைங்க தப்பிக்குமா?" என்றார் அக்கா. "எனக்குக் கட போனா எங்கயாச்சும் மங்கு கழுவிப் பொழச்சுக்குவேன். பழகுன கைதானே. அதுங்களுக்கு ஹாஸ்டல் போச்சுன்னா படிப்பே போச்சும்மா. தெனம் எங்கேருந்து வந்து போவும்?"

சொல்லிக்கொண்டே கண்ணாடியைக் கழற்றிச் சேலை முனையால் கண்ணை ஒற்றினார். இரண்டு கண்ணும் மிளகாய்ப் பழம். இமை வீங்கிப் பாதி மூடியிருந்தது. வெங்காயத்துக்காகக் கண்ணாடி போட்டிருக்கிறார் என்று அன்றைக்கு நான் நினைத்திருந்தேன்.

டாக்டர் பதறி எழுந்தார். "எப்போலேருந்து? கிளினிக் போனீங்களா?"

"அது ஸ்டூடண்டுக்கும் ஸ்டாஃபுக்கும்தானே டாக்டர்? புள்ளைங்களுக்கு வந்தப்புறம் எனக்கும் வந்துச்சு. போயிரும்."

டாக்டர் மடிக்கணினியைத் திறந்து என்னைப் பார்த்தார். "சிஸ்டர், மேப்ல அக்கா எந்தப் புள்ளி?"

தேடவே வேண்டியதில்லை. மேசை ஓரத்தில் அக்காவின் போன் கிடந்தது. பித்தான் வைத்த பழைய போன், வைஃபை என்றால் என்னவென்றே அதற்குத் தெரியாது. காலையிலிருந்து இருட்டும் வரை அந்த இடத்தில் உண்மையாகவே இருந்த ஒரே மனுஷி எங்கள் வரைபடத்தில் இல்லை.  அவர் கடையைத்தான் நோய்க்குக் காரணம் என்று மூடினோம். அவருக்கு நோய் இருக்கிறதா என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள்?

டாக்டர் பையிலிருந்து சொட்டு மருந்தை எடுத்து அங்கேயே அக்காவுக்கு விட்டார். பிறகு, "வாங்க, கோவிலுக்குப் போவோம்," என்றார். அக்கா தடுக்கப் பார்த்தார். "நான் பதிவாளர் இல்லக்கா, டாக்டர்," என்று சொல்லிவிட்டு அவர் நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன்.

கோவில் வாசலில் எங்களைப் பார்த்ததும் மேளம் பட்டென்று நின்றது. கறுப்புக் கண்ணாடி போட்ட முகங்களெல்லாம் ஒரே நேரத்தில் திரும்பின. ஒருவன் உறுமியை முதுகுக்குப் பின்னால் மறைக்கப் பார்த்தான். யானையை முந்தானைக்குள் மறைத்த கதைதான். டாக்டர் அவனைக் கவனிக்கவே இல்லை. குழாயடியில் இருந்த வாளியையும், உறுமியின் வாரில் கட்டியிருந்த மஞ்சள் துண்டையும் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இது என்ன?"

குழுத் தலைவன் ஓர் உயரமான பையன், இறுதியாண்டு. மென்று விழுங்கிக்கொண்டு சொன்னான். காப்புக் கட்டிய நாளிலிருந்து குழுவுக்கு ஒரு வழக்கம். மேளத்தைத் தொடும் முன் எல்லோரும் இந்த வாளியில் முகம் கழுவ வேண்டும், மேளத்துத் துண்டிலேயே துடைக்க வேண்டும். அது சாமி காலில் வைத்து எடுத்த துண்டு. திருவிழா முடியும்வரை அதை அலசவே கூடாது.

"எல்லாரும்?"

"எல்லாரும் டாக்டர்."

"கண்ணு வலி வந்தவங்களும்?"

 அவர்களுக்குள்ளேயே ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எங்கோ ஒரு கண்ணாடி மெல்லக் கழன்றது. டாக்டரின் முகத்தில் ஒரு சந்தோஷம் பரவியது, பாவம், அவரால் மறைக்க முடியவில்லை. வாரக்கணக்காகக் கணினியில் தேடிய ஆளுக்கு வாளியும் துண்டும் கண்ணெதிரே கிடைத்திருக்கிறது. கும்பிடாமல் வந்த கோவிலிலும் முனியாண்டி கைவிடவில்லை.

அக்கா கடை மூடியதன் காரணம் அவர்களுக்குச் சரியாகத் தெரியாது. கண்வலிக்குத்தானே, திறந்துவிடுவார்கள் என்று நினைத்திருக்கிறார்கள். குத்தகையே போகப் போகிறது, அதைத் தெரிந்தும் அக்கா உங்களுக்காக வாயைத் திறக்கவில்லை என்று நான் சொன்னேன். கொஞ்சம் கோபமாகத்தான் சொன்னேன்.  உறுமிக்காரன் உறுமியைக் கீழே வைத்துவிட்டான்.

மறுநாள் காலை நானும் டாக்டரும் பதிவாளரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் அவர் அறைக்குப் போனோம். நோய் எங்கே பரவியது என்று சொல்லலாம், அங்கே என்ன செய்தார்கள் என்பதை எப்படி மறைப்பது? அந்தக் கவலை எங்களுக்குத் தேவைப்படவில்லை. துரை பங்களா வராந்தாவில், கறுப்புக் கண்ணாடி அணிந்த ஒரு பட்டாளமே சுவரோரமாக நின்றுகொண்டிருந்தது. முன்னால் நின்ற தலைவன் கையில் அந்த மஞ்சள் துண்டு. சோப்புப் போட்டு அலசி, மடித்து, இன்னும் ஈரமாக.

"துவான், கண்வலி எங்கள் துண்டிலிருந்து வந்தது. கடையிலிருந்து வரவில்லை. எங்களை விடுதியிலிருந்து அனுப்புங்கள், அக்காவை அனுப்பாதீர்கள்," என்றான் மலாயில்.

பதிவாளர் தன் கண்ணாடியைக் கழற்றினார். அவருக்கும் கண் சிவந்துதான் இருந்தது. யாரிடமிருந்து வந்தது என்று வரைபடமும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஒளிந்து பழகியதற்காகத் திட்டினார், நன்றாகவே திட்டினார். விடுதிக் கழிப்பறைகளைக் கழுவ விட்டார். ஆனால் கடையைத் திறக்கச் சொன்னார், குத்தகைத் தாளில் அன்றே கையெழுத்துப் போட்டார். மாலைத் தொழுகைக்கு அழைப்பு வரும்வரை திடலில் வைத்தே மேளம் பழகலாம், ஆளுக்கொரு துண்டு கொண்டுவந்தால். அந்தக் கடைசி நிபந்தனை டாக்டர் சொல்லிக்கொடுத்தது.

டாக்டர் தன் ஆய்வை விடவில்லை. ஒரே இடத்தில் அசையாமல் நெடுநேரம் கிடக்கும் போன்களை இப்போது தனியாகப் பிரித்து வைக்கிறார், அவற்றின் சொந்தக்காரர்கள் எங்கே போனார்கள் என்று ஆளைப் பிடித்து வாய்விட்டுக் கேட்கிறார். போன வாரம்கூடச் சொன்னார், உண்மையில் நாலு பேர் நெருங்கி ஒன்றுகூடுகிற இடத்தில்தான் போன் இருப்பதில்லை சிஸ்டர் என்று. அதை அவர் ஆங்கிலத்தில் எழுதினால் பெரிய கட்டுரையாக வரும்.

கண்வலி அடங்கியது. மாணவர்கள் சேர்ந்து அக்காவுக்கு ஒரு போன் வாங்கிக் கொடுத்தார்கள், தொட்டால் நகரும் போன். எனக்கு எதுக்குடா இது, நெருப்புக் கையோட தொட்டா உருகிரும் என்று அவர் அதைப் பெட்டியை விட்டே எடுக்கவில்லை. நான்தான் உட்கார வைத்து, ஒரு தே தாரேக்கைக் கூலியாக வாங்கிக்கொண்டு, வைஃபையில் சேர்த்துவிட்டேன். சம்மதமா என்று டாக்டர் முறைப்படி கேட்டார். என்னமோ செஞ்சுக்குங்க என்றார் அக்கா. என் அறைக்குத் திரும்பித் திரையைத் திறந்தேன். ஆயாக்கொட்டாயில் ஒரு புதுப் புள்ளி. விடிந்து யாரும் வராத நேரத்தில் அது மட்டும் தனியாக அங்கே இருக்கும். எனக்கு என்னவோ அதைப் பார்க்காமல் வேலை ஓடாது என்றாகிவிட்டது.

திருவிழாவுக்கு முந்திய மாலை. வேலை முடிந்து கிளம்பும் முன் திரையைப் பார்த்தேன். மாணவர்களின் புள்ளிகள் எல்லாம் கடையில், நடுவில் அக்காவின் புள்ளி. சரி, இருக்கிறார், ஒரு தே தாரேக் குடித்துவிட்டே போவோம் என்று நடந்தேன்.

கடையில் அக்கா இல்லை. முக்காலியில் கல்லூரிக் காவல் பார்க்கும் நேப்பாளத்து ஜாகாக்காரர் உட்கார்ந்திருந்தார். பால் போத்தல் தட்டில் போன்கள் வரிசையாக, ரப்பர் பேண்டு போட்டு. அந்த வரிசையின் ஓரத்தில், சிவப்பு ரப்பர் பேண்டு கட்டி, அக்காவின் புதுப் போன்.

"அக்கா எங்கே?" என்று மலாயில் கேட்டேன்.

அவர் திடல் பக்கம் கையைக் காட்டினார். உறுமி அங்கே உச்சத்தில் இருந்தது. தலைகளுக்கு நடுவே அக்காவின் முதுகு தெரிந்தது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, இரண்டு கையும் தாளத்தில். யாரோ ஒரு பெண் அவர் தோளில் கை போட்டிருந்தாள்.

ஜாகாக்காரர் என்னைப் பார்த்தார். ஒரு ரப்பர் பேண்டை எடுத்து நீட்டினார்.

என் போனில் அதைக் கட்டி, அக்காவின் போனுக்குப் பக்கத்தில் சாத்தி வைத்துவிட்டுத் திடலுக்குப் போனேன். அன்று மாலை வரைபடத்தைப் பார்த்த யாருக்கும், நாங்கள் எல்லோரும் ஆயாக்கொட்டாயில்தான் இருந்தோம்.